சத்தம் வராத பூட்டு

மடுத்தீனின் கைகள் பாரிசுக்கு வந்த முதல் குளிரிலேயே வெடித்துவிட்டன. சொந்த ஊரான பாசையூர்க் கடலின் உப்பும் நைலோன் கயிறும் அத்தனை வருஷமாகச் செய்ய முடியாததை இங்கே லா ஷப்பல் தெருக்களின் காற்று ஒரே மாதத்தில் செய்து முடித்தது. விரல் மடிப்புகளில் கோடு கோடாக இரத்தம் கசியும். அவன் மனைவி அற்புதமலர் இருமல் மருந்துப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, தேங்காயெண்ணெய் நிரப்பி, "வேலையிடத்திலை வைச்சிருந்து இடைக்கிடை பூசுங்கோ" என்று கொடுத்து விட்டாள். நல்ல மனதோடுதான் கொடுத்தாள். பின்னால் அந்தப் போத்தலைப் பற்றி யார் என்ன பேசினாலும் சரி, இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அவன் வேலை செய்தது ரயில் தண்டவாளங்களுக்குப் பின்பக்கம், ஒரு முற்றத்தின் கோடியில் இருந்த பட்டறையில். பனிச்சறுக்குச் சப்பாத்துகளைப் பழுது பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு அனுப்புகிற இடம். அறையைச் சூடாக்கச் சுவரோரம் ஓடும் சோஃபாஜ் குழாய் எப்போதும் சுட்டுக்கொண்டிருக்கும். மடுத்தீன் போத்தலை அந்தக் குழாயின்மேல் வைத்திருந்தான். அதனால் அது எப்போது எடுத்தாலும் தண்ணீர் போலத் தெளிந்து, விரலில் ஓடும்.

அந்தச் சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், அது சப்பாத்தே இல்லை. காலுக்குச் செய்த பெட்டி. பாதத்துக்குக் கட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு கூடு, கெண்டைக்காலைச் சுற்றி இன்னொரு கூடு. கணுக்காலின் இரண்டு பக்கமும் இரண்டு ஆணிகள் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். பூட்டைத் திறந்துவிட்டால் மேற்கூடு அந்த ஆணிகளில் முன்னும் பின்னும் ஆடும். மனிதர் மாதிரி நடக்கலாம். பூட்டிவிட்டால் மேற்கூடு கொஞ்சம் முன்னே சரிந்தபடி அசையாமல் நிற்கும். அந்த நிலையில்தான் மலையிலிருந்து வழுக்கி இறங்க வேண்டும். வழுக்கும்போது மேற்கூடு ஆடினால் முழங்காலுக்குக் காவல் இல்லை.

பூட்டு இருப்பது பின்னால், குதிக்காலுக்கு மேலே. ஒரு இரும்பு நாக்கு, அதற்குப் பின்னால் ஒரு சுருள்வில், எதிரே கீழ்க்கூட்டில் ஒரு பள்ளம். பிடியை மேலே தூக்கினால் நாக்கு பள்ளத்தை விட்டு வெளியே வரும். கீழே தள்ளினால் நாக்கு உள்ளே போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பிடி அதைத் தள்ளுவதே இல்லை. போ என்று விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். தள்ளுவது சுருள்வில்லின் வேலை. நாக்கு பள்ளத்தில் போய் விழும்போது "டக்" என்று கேட்கும்.

"பிடி கீழ இருக்குதேன்னு நம்பிடாத. உன் காது கேட்டாத்தான் பூட்டு" என்று முதல் நாளே சொல்லித் தந்தவர் பெர்னார். புதுச்சேரிக்காரர், பட்டறையின் மேஸ்திரி. பிரெஞ்சுப் பிரஜை என்பதால் நடையிலேயே ஒரு நிமிர்வு இருக்கும். ஆனால் மனிதர் இளகின மனசுக்காரர். நாக்குக்குப் பூசுகிற சாம்பல் நிறக் கிறீஸைக் காட்டி, "இது மலைக் குளிருக்குன்னே செஞ்சது. வேற எந்த எண்ணெயும் நாக்குல படக்கூடாது, தெரிஞ்சுக்க" என்றார்.

"எங்கடை ஊரிலை கதவுக்கும் தலைக்கும் ஒரே எண்ணெய்தான் அண்ணை."

"அதான் உங்க ஊரு கதவெல்லாம் கமகமன்னு இருக்குதா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பின்னால் எத்தனையோ தடவை மடுத்தீனின் காதில் கேட்டது.

அந்தப் பூட்டை வரைந்தவர் பட்டறையின் பழைய முதலாளி. அவர் செத்துப்போனார். அவர் மனைவி மதாம் ஜெனவியேவ்தான் இப்போது எல்லாம். கணவர் செய்த முதல் சோடியை அவள் தன் அறைத் தட்டில் மெழுகுதிரி ஏற்றாத குறையாக வைத்திருந்தாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஜனவரி, அவர்கள் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பழைய பாரிஸ்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டு நடந்த குளிர். மடுத்தீனின் ஒரே மகள் கொரற்றியின் வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் பனிமலைக்குக் கூட்டிப் போவதாக இருந்தது. அந்த வகுப்புக்கான சப்பாத்துகள் அவன் மேசைக்கே வந்தன. வெள்ளிக்கிழமை பகல் முழுக்க ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்து, கிறீஸ் பூசி, டக் என்று காதால் கேட்டு, பெட்டியில் போட்டான். மகளின் சோடியைக் கடைசிக்கு வைத்தான். ஆறுதலாக, வடிவாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசை வராமல் இருந்திருக்கலாம்.

கடைசிச் சோடியின் வலது சப்பாத்தில் பூட்டு கொஞ்சம் இறுக்கம். கிறீஸ் தகரத்தை வழித்துப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. புதுத் தகரம் பூட்டின அலுமாரிக்குள். திறப்பு பெர்னாரின் சட்டைப்பையில். பெர்னாரோ மைத்துனருக்குச் சுகமில்லை என்று மத்தியானமே பொபினிக்குப் போய்விட்டார். மதாமிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் இவ்வளவு கிறீஸைக் கொட்டினாய் என்பாள். வெளியே கொரற்றி தாயோடு வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அவன் குழாயின்மேல் இருந்த போத்தலை எடுத்தான்.

பாசையூரில் தேங்காயெண்ணெய் உறைந்து பார்த்தவர்கள் குறைவு. மார்கழி விடியலில் கொஞ்சம் கலங்கும். சூரியன் எழும்பினதும் தெளிந்துவிடும். பாரிஸ் வீட்டிலும் போத்தல் சோஃபாஜின்மேல்தான் இருக்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகக் கட்டிபட்டுவிடும் என்று அற்புதமலர் தினமும் சொல்லுவாள். ஆக, அவனுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்த விஷயம் தலையில் இருந்தது. கை ஊர்க் கையாகவே இருந்தது.

எண்ணெய் ஓடிப் பூட்டுக்குள் இறங்கியது. பிடி பட்டுப்போல வழுக்கியது. மகளுக்கென்று இன்னும் இரண்டு துளி விட்டான்.

கொரற்றி புத்தகப்பையைக் கழற்றாமலே சப்பாத்துக்குள் காலை விட்டாள். பதினொரு வயது. நடந்து பார்த்தாள், குனிந்து பிடியைத் தள்ளினாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"சா ஃபே பா க்ளாக், பப்பா."

"என்னவாம்?" என்றாள் அற்புதமலர்.

"சத்தம் வரேல்லையாம்." மடுத்தீன் குந்தி இருந்து பிடியைத் தொட்டுப் பார்த்தான். நாக்கு எண்ணெயில் மிதந்து மெதுவாகப் போய் உட்கார்ந்திருந்தது. "எண்ணெய் விட்டிருக்கு பிள்ளை. நல்ல பூட்டு சத்தம் போடாது. கேக்கேல்லை எண்டு பயப்பிடாதை. பிடி கீழை நிண்டால் பூட்டிட்டுது எண்டு அர்த்தம்."

"சூர்?"

"அப்பா சொல்லுறன்."

நிச்சயமாகத்தானா என்று பிள்ளை கேட்டது. அப்பா சொல்லுகிறேன் என்று தகப்பன் சொன்னான். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முற்றத்தைத் தாண்டிப் போனாள்.

சனிக்கிழமை பிள்ளைகள் ரயில் ஏறினார்கள். அற்புதமலர் மகளின் தலையை வாரி, எண்ணெய் தடவி, மடுமாதா சுரூபம் கோர்த்த சங்கிலியைக் கழுத்தில் போட்டு அனுப்பினாள். ஞாயிறு பூசைக்குப் போய் வந்தார்கள். பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று மடுத்தீனைக் கேட்டால் அவனுக்குத் தெரியாது. பல் கூச்சம் போல ஏதோ ஒன்று உள்ளே நின்றுகொண்டிருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலையில் பட்டறையை அவன்தான் திறந்தான். சனி, ஞாயிறு சோஃபாஜை நிறுத்திவிடுவது வழக்கம். உள்ளே முற்றத்தைவிடக் குளிர். கை எரிந்தது. குழாயின்மேல் இருந்த போத்தலை எடுத்துக் கவிழ்த்தான். ஒரு துளியும் வரவில்லை. எண்ணெய் அடி முதல் கழுத்து வரை வெள்ளையாக, கல்லாக நின்றது. உருகட்டும் என்று கை தன்பாட்டில் போத்தலை அக்குளுக்குள் செருகிக்கொண்டது.

அப்படியே நின்றான்.

அக்குளில் இருந்த குளிர் நெஞ்சுக்குள் இறங்கியது. மலைக்கு ஏது சோஃபாஜ்?

பழைய சப்பாத்து ஒன்றை இழுத்தான். போத்தலில் இருந்து ஆணியால் வெள்ளை எண்ணெயைத் தோண்டி நாக்கின் பக்கங்களில் அப்பிப் பிடியைக் கீழே தள்ளினான். பிடி ஒழுங்காகக் கீழே போனது. சத்தம் இல்லை. குனிந்து பார்த்தான்: நாக்கின் நுனி மட்டும் பள்ளத்தின் விளிம்பில் தொட்டுக்கொண்டு நின்றது. மேற்கூட்டைக் கையால் தள்ளினான். அசையவில்லை. அதுதான் அவனைப் பயப்படுத்தியது. முழுதும் திறந்து கிடந்தால் பிள்ளைக்கு முதல் அடியிலேயே தெரிந்துவிடும். இது பிடித்துக்கொண்டிருக்கிறது போலப் பாசாங்கு செய்தது. உடம்புப் பாரத்தை அதன்மேல் சாய்த்தான். நாக்கு சறுக்கியது. மேற்கூடு முறிந்த கழுத்து மாதிரி முன்னால் மடிந்தது.

பெர்னார் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது மடுத்தீன் தொலைபேசிக்கு முன்னால் நின்றான். வேலையாட்கள் ஊருக்குப் பேசிவிடக்கூடாது என்று மதாம் அந்தத் தொலைபேசியின் எண் வட்டத்துக்கு ஒரு சின்னப் பூட்டுப் போட்டிருந்தாள்.

"அண்ணை, பிள்ளையள் நிக்கிற இடத்துக்கு ரெலிபோன் எடுங்கோ. கொரற்றியின்ரை பூட்டு விழாது. நான் தேங்காயெண்ணெய் விட்டிட்டன்."

பெர்னார் மேசையைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். 

"சொன்னேனேப்பா... படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"எடுங்கோ அண்ணை."

"இரு, இரு. யோசிச்சுப் பேசு. நீதான் செஞ்சேன்னு தெரிஞ்சா மதாம் உன்னை ஒரு நிமிஷம் வச்சிருக்க மாட்டா. வேலை போச்சுன்னா நீ இங்க தங்குறதுக்கான கார்த் த செஜூர் என்னத்துக்காகும்? பொதுவா சொல்லுவோம், எல்லாப் பிள்ளைங்க பூட்டையும் ஒருவாட்டிப் பாத்துக்குங்கன்னு..."

"எப்பிடியெண்டாலும் சொல்லுங்கோ. முதலிலை அந்தப் பூட்டைத் திறவுங்கோ!"

பெர்னார் சட்டைப்பையில் திறப்பைத் தேடினார். எடுத்துத் திறந்து, எண்ணைச் சுழற்றினார். வட்டம் ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்வரை மடுத்தீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். பெர்னார் வேகமாகப் பேசினார். பிறகு பேச்சை நிறுத்திக் கேட்டார். பிறகு "உய்... உய், மதாம்" என்று மட்டும் சொன்னார். மடுத்தீனுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

"இப்பத்தான் கீழ இறக்கிட்டு வர்றாங்களாம். தோ பாரு, உயிருக்கு ஒண்ணும் இல்ல. முழங்கால்தான்."

மலையடிவார ஊர் ஆஸ்பத்திரிக்குத் தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் கால் தொடை வரை கட்டுக்குள் இருந்தது. வகுப்பு ஆசிரியை கட்டிலருகே இருந்தாள். கெட்டவள் இல்லை. இவர்களுக்கு விளங்க வேண்டுமே என்று மெதுவாகச் சொன்னாள்: எல்லாப் பிள்ளைகளிடமும் பூட்டைப் பூட்டச் சொன்னோம், எல்லோரும் பூட்டினார்கள், கொரற்றி அவசரத்தில் மறந்திருக்கிறாள், குழந்தைதானே, நடப்பதுதான்.

கொரற்றி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்டாள், வீட்டில் எதற்கும் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற பிள்ளை.

"நான் பிடியைக் கீழை அமத்தினனான் அப்பா. அமத்தினனான்தானே? எல்லாரும் நான் மறந்திட்டன் எண்டினம். நான் மறந்திட்டனா?"

மடுத்தீன் வாயைத் திறந்தான். ஆசிரியை நின்றாள், தாதி நின்றாள், கார்த் த செஜூர் நின்றது.

"பிறகு கதைப்பம் பிள்ளை. இப்ப படுங்கோ."

பிள்ளை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. அற்புதமலர் அந்த முகத்தையும் பார்த்தாள், புருஷனின் முகத்தையும் பார்த்தாள். வெளியே நீள நடைக்கூடத்தில் வைத்துக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ. என்னத்தை ஒளிக்கிறியள்?"

சொன்னான். அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"போத்தல் தந்தது நான்."

"கைக்குப் பூசத் தந்தனீர். பூட்டுக்கு விட்டது நான். சத்தம் வராது எண்டு பிள்ளைக்குச் சொன்னதும் நான்தான்."

"அப்ப, அதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. காலிலை பட்ட காயம் மாறும். தான் என்ன செய்தனெண்டு தனக்கே தெரியாமல் வளந்தால் அது மாறாது."

சப்பாத்து அந்தக் கிழமையே பட்டறைக்குத் திரும்பி வந்தது. சூடான ரயிலில் வந்து, சூடான அறையில் இரண்டு நாள் கிடந்த சப்பாத்து. மதாம் ஜெனவியேவ் தானே அதை மேசையில் வைத்து, எல்லோரும் பார்க்கப் பிடியைத் தூக்கினாள், தள்ளினாள். நாக்கு மெத்தென்று போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது. மேற்கூட்டில் தன் முழுப் பாரத்தையும் வைத்து அழுத்தினாள். மலை மாதிரி நின்றது.

தன் கணவர் செய்த பூட்டு பொய் சொல்லாது என்றாள். பிறகு முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். இந்தப் பிள்ளைகளின் தலையெண்ணெய் எங்கேயும் ஒட்டிவிடுகிறது என்றாள். பள்ளிக்கூடத்துக்குத் தானே சொல்லிவிடுவாளாம்: பூட்டில் குறை இல்லை, பிள்ளை பூட்டவில்லை.

பெர்னார் மேசைக்கடியில் மடுத்தீனின் காலை மிதித்தார். வாயை மூடு என்று அர்த்தம். மடுத்தீனும் ஒரு கணம் மூடிக்கொண்டுதான் நின்றான். மூடிக்கொண்டே இருந்தால் வேலை இருக்கும், கார்ட் இருக்கும், பிள்ளையின் காலும் எப்படியோ சுகமாகும். அந்த ஒரு கணம் மிக நீளமாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிய முகம் அதற்குள் வந்து நின்றது.

அவன் சப்பாத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். தண்ணீர்க் குழாய் அடியில் பனிக்கட்டி பாளமாகக் கிடந்தது, அதன்மேல் வைத்தான்.

"இன்னாத்துக்கு இதெல்லாம்? உள்ள வாப்பா!" என்று பெர்னார் பல்லைக் கடித்தார்.

"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ அண்ணை மதாமை."

நின்றார்கள். மதாம் கோப்பிக் கோப்பையோடு வாசலில் நின்றாள், எரிச்சலோடுதான் நின்றாள். கோப்பி ஆறிப்போனது. தண்டவாளத்தில் ரயில்கள் போய் வந்தன. மடுத்தீன் கோட்டுப் போடாமலே சப்பாத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான், காவல் இருப்பது போல. கடைசியில் அதைத் தூக்கி வந்து உள்ளே மேசையில் அவள் முன்னால் வைத்தான். பிடியைக் கீழே தள்ளினான். மூன்று பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மேற்கூட்டை விரலால் தள்ளிக் காட்டினான்: அசையவில்லை. பிறகு இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்தான்.

மேற்கூடு மடிந்த வேகத்தில் அவன் நாடி மேசையில் இடித்து இரத்தம் வந்தது.

சட்டைப்பையில் இருந்த போத்தலை எடுத்துச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தான். அவனுடைய பிரெஞ்சு அவ்வளவுதான். ஆனால் அது போதுமாக இருந்தது.

"செ முவா, மதாம். பா லா பெத்தித்."

நான்தான் அம்மா. பிள்ளை இல்லை.

மதாம் கைக்குட்டையால் நாக்கைத் துடைத்தாள். உறைந்த எண்ணெய் மெழுகுபோல ஒட்டி வந்தது. துடைத்தபடியே அவள் இன்னொன்றையும் பார்த்தாள்: நாக்கு வெளியே நிற்கும்போதும் பிடி கீழே போய்ப் பூட்டினதுபோல நிற்கிறது என்பதை. பார்த்ததை அவள் சொல்லவில்லை. பெர்னாரிடம் இரண்டு வேலை சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளையின் மேல் தவறு இல்லை என்று சொல்ல வேண்டும். இவன் நாளை முதல் வர வேண்டியதில்லை. மடுத்தீனின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. பிறகு ஒருநாள் தெருவில் கண்டபோது பெர்னார் சொன்னார், அறைத் தட்டில் இருந்த முதல் சோடியை அவள் எடுத்து உள்ளே வைத்துவிட்டாளாம்.

அன்று சாயந்தரமே, பாரிஸ் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டிருந்த மகளிடம் அவன் போனான். நாடியில் கட்டுப் போட்டிருந்தான்.

"நீ மறக்கேல்லை பிள்ளை. நீ அமத்தினனீ. பூட்டைக் கெடுத்தது நான். சத்தம் வராட்டிலும் பரவாயில்லை எண்டு சொன்னதும் நான்."

 அவன் ஏச்சுக்காகக் காத்திருந்தான். ஏச்சு வந்தால் சுகமாக இருக்கும் என்று நினைத்தான்.

"அப்ப, நான் அமத்தினனான்" என்றாள்.

"ஓம்."

"ரீச்சருக்குத் தெரியுமோ?"

"இப்ப தெரியும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அற்புதமலர் சொன்னாள், விழுந்த நாளிலிருந்து பிள்ளை முழு நித்திரை கொண்டது அன்றைக்குத்தான் என்று.

மடுத்தீன் உணவகம் ஒன்றின் பின்கட்டில் சட்டி கழுவப் போனான். கார்டைப் புதுப்பிக்க அலைந்த அலைச்சல் தனிக்கதை. கைகள் முன்னையைவிட மோசமாக வெடித்தன. அற்புதமலர் எண்ணெயை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். அந்த வாசனை வந்தால் எழும்பி யன்னலைத் திறந்துவிடுவான்.

வசந்த காலம் வந்தபோது கொரற்றியின் காலுக்கு ஒரு இரும்புச் சட்டம் போட்டார்கள். முழங்காலின் இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் மடிகிற இடத்தில் ஒரு வளையம். கதிரையில் இருக்கும்போது வளையத்தை மேலே தூக்கிக் காலை மடிக்கலாம். எழும்பிக் காலை நேராக்கினால் வளையம் தானாகவே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். அது விழாமல் அடி எடுத்து வைத்தால் கால் மடங்கிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சட்டத்தை முதல் தடவை பார்த்தபோது மடுத்தீனுக்கு வியர்த்தது. மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, நடுவில் ஆணியும் பூட்டும்.

அவர்கள் இருந்தது ஒற்றை அறை. மறைப்புக்குப் பின்னால் அவன் கோப்பை கழுவிக்கொண்டிருப்பான். அங்கே கொரற்றி கதிரையில் இருந்து எழும்புகிற சத்தம் கேட்கும். அவன் குழாயை நிறுத்திவிடுவான். கம்பி நேராகும். அறை முழுக்க அந்த ஒரு இடைவெளி நிற்கும்.

டக்.

அதற்குப் பிறகும் பிள்ளை அடி எடுத்து வைக்காது. மறைப்பைப் பார்த்துச் சொல்லும்:

"சா ஃபே க்ளாக், பப்பா."

சத்தம் வந்துவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அது ஆறுதலுக்குச் சொன்னதா, தண்டனைக்குச் சொன்னதா என்று அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ.

"ஓம் பிள்ளை, கேட்டுது" என்பான்.

பிறகுதான் அவள் நடப்பாள். பிறகுதான் அவன் குழாயைத் திறப்பான்.